தொங்கும் தண்டு

இந்த ஊருக்கு இப்போது வேறு பெயர்.
பஸ்ஸில் வயசானவர்கள் மட்டும் இன்னும்
பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள்.
தொங்கும் தண்டு.
எதைப் பார்த்து வைத்தார்களோ தெரியாது.
தம்பியின் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம்
அந்தப் பழைய பெயர்தான் என் வாயில் வரும்.

நான்கு செடிகள்,
சட்டை மாட்டுகிற கம்பியில் தலைகீழாக.

செம்பனை ஆலையில் நான் ஆய்வுக்கூடத்துக்காரி.
பருப்பின் ஈரப்பதம் பார்ப்பது வேலை.
ஏழைத் தாண்டினால் பூஞ்சணம்,
ரொம்பவும் இறங்கினால் உடைசல்.
இடையில் ஒரு விரற்கடை இடம்.
அதைக் காவல் காக்க மாதம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
அதனால்தான் என்னிடம் வந்தான் யோகன்:
"நீதானக்கா ஈரத்துக்குன்னே படிச்சவ."

குலையோடு லாரியிலிருந்து விழுந்த முதுகு அவனுடையது.
சொக்சோ பணம் எட்டு மாதத்தில் நின்றது.
வலிக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை.
ராத்திரியில் அவன் புரள்வது
பலகைச் சுவர் வழியாக எனக்குக் கேட்கும்.
யாரோ கொடுத்த ஒரு சிட்டிகையைப் புகைத்த அன்று
கேட்கவில்லை.
சத்தம் வராத சுவரைப் பார்த்தபடி
நான்தான் விடிய விடிய விழித்திருந்தேன்.

இங்கே காற்றைப் பிழிந்தால் தண்ணீர்.
உப்பு டப்பாவிலேயே கட்டியாகும்,
கல்யாணச் சேலையின் மடிப்பில் கரும்புள்ளி விழும்,
ஒரு வாரம் போடாத சப்பாத்துக்குள் பச்சை பூக்கும்.
எதுவும் காய்வதில்லை இந்த ஊரில்.
நனைந்து நனைந்து அலுத்துப்போகும், அவ்வளவுதான்.

மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொன்னேன்.
நேராக அடித்தால் மேலே மொறுமொறுக்கும்,
உள்ளே பச்சையாகவே நிற்கும்,
சில ஆம்பிளைகளின் கோபம் மாதிரி.
பத்தாம் நாள் ஒரு காம்பை வளைத்தேன்.
வளைந்தது.
பதினான்காம் நாள் முறிந்தது,
தீக்குச்சி ஒடிகிற சத்தம்.
ஒரு பானைக்கு ஒரு சோறு.

பிறகு ஜாடிகள். ஊறுகாய் போட்டவை,
மூன்று முறை வெந்நீரில் கழுவியும்
எலுமிச்சை போகாதவை.
காலையும் மாலையும் மூடியைத் திறந்து
மூச்சு விடச் செய்தோம்.
உள்ளே வைத்த குட்டி மானியில் அறுபத்திரண்டு.
அந்த எண்ணைப் பார்த்து
எனக்கு வந்த பெருமையைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

ஆலை ஓடும் நாளில் வாசத்துக்குப் பயமில்லை,
அதன் நாற்றம் எல்லாவற்றையும் மூடிவிடும்.
ஞாயிறு ஆலைக்கு லீவு.
அன்றுதான் எதிர்வீட்டு மதியழகன்
ரேலாச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவார்.
கிளிப்பை வாயில் கவ்வியபடியே மூக்கைத் தூக்கினார்.
"என்ன சமையல்?"
"கருவாடு."
"கருவாடா," என்று சிரித்தார்.
அந்தச் சிரிப்பை அளக்க
என்னிடம் கருவி இல்லை.

செடிக்கு எத்தனை வருஷம், எத்தனை பிரம்படி என்று
யாரிடமும் நான் கேட்டதில்லை.
அன்று ராத்திரி
சீனப் பெருநாளுக்குத் தவுக்கே கொடுத்த ஆரஞ்சை உரித்து
ஜாடிக்கு ஒரு தோல் போட்டேன்.
அறுபத்திரண்டு எழுபதாச்சு. எண்பத்தொன்றாச்சு.
ஐந்தாம் நாள் வெள்ளை நூல் ஓடியிருந்தது,
மேலாக, மென்மையாக,
யாரோ போர்த்திவிட்ட மாதிரி.

தோலை எடுத்துவிட்டேன்.
வாசத்தை எடுக்க முடியவில்லை.
யோகன் மூடியைத் திறந்து முகர்ந்தான்.
மறுபடி முகர்ந்தான்.
என்னைப் பார்க்காமலே சொன்னான்:
"உனக்குக் கொஞ்சங்கூட ஈரமில்லக்கா."

ஜாடிகளைக் கழிவறையில் கொட்டிவிட்டுக்
கழுவியும் வைத்தான்.
குனிந்து நிமிர அவனுக்கு
வெகு நேரம் பிடித்தது.

சுவர் மறுபடி பேசுகிறது.
இரண்டு மணிக்கு, மூன்றே காலுக்கு.
அலமாரிக் கம்பியில் இப்போது சட்டைகள்தான்.
அடித்தட்டைத் துடைக்கும்போது ஒரு விதை அகப்பட்டது.
ஆலையின் மாதிரிக் கவரில் போட்டு,
பொய்த் தேதி எழுதி,
பருப்புகளோடு பருப்பாக வைத்திருக்கிறேன்.
எதற்கு என்று கேட்காதீர்கள்.
அது மட்டும்
நன்றாகக் காய்ந்திருந்தது.